மிச்சம் இல்லாத மாத்திரை அட்டை

2009-ல் புரட்டாசி முடிந்த மறுவாரம், சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. அப்போது நான் சிதம்பரத்தில், சர்க்கரை நோய்க்கான புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சியில் களப்பணியாளராக இருந்தேன். பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மீதிப் பேருக்கு வழக்கமான மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய், காலி அட்டைகளை வாங்கிப் பார்த்து, வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, புது அட்டை கொடுத்துவிட்டு வருவேன். மாத்திரை மிச்சம் இருந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். "இப்படி விட்டா ஆராய்ச்சியே வீணாப்போயிடும்" என்று வாசலிலேயே நிற்கவைத்துப் பேசிவிடுவேன். என் கிராமங்களில்தான் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்கள் என்று ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் பாராட்டியதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

அந்தக் கிராமத்தில் நான் போகும் ஒரு வீட்டு அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அன்றும் அட்டை முழுக்கக் காலி. சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு, இரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தேன். கை சில்லென்று நனைந்திருந்தது. முகமெல்லாம் வியர்வை. என்னக்கா என்றதற்கு, "ஒண்ணுமில்ல மேடம், எல்லாம் கரெக்டா இருக்கு" என்றார் குழறலாக. கெஞ்சிக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

"பெரட்டாசி நாலு சனிக்கெழமையும் வெரதத்துல சாப்புடல, மாத்திரையும் போடல. நாலு மிச்சமாயிடுச்சி. நீங்க திட்டுவீங்கன்னு காலையில மொத்தமா போட்டுட்டேன்."

அதுவும் நான் சொன்னபடி வெறும் வயிற்றில்!

டாக்டருக்குப் போன் போட்டேன். எந்த மாத்திரை என்று கண்டுபிடிக்க நேரமாகும், முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உடனே அழைத்து வா என்றார். அந்த வீட்டில் சர்க்கரையே இல்லை. கண்ணிலேயே படக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டில் வாங்கிக் கரைத்து எடுத்துவந்தால், அக்காவின் கணவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"சக்கரக்காரிக்கு சக்கர குடுக்கறியேம்மா, கொன்னுடப் போறியா?"

அவர் மேல் என்ன தப்பு? நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் என்னிடமே திருப்பிச் சொன்னார். "அண்ணே, தப்பு என்னுதுதான். மாத்திரைய ஜாஸ்தியா போட்டுட்டாங்க, சக்கர எறங்கிப்போச்சி. இதக் குடுக்கலன்னா மயங்கிடுவாங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் கையை எடுத்தார். அக்காவை மெல்லக் குடிக்கவைத்தேன்.

வாடகை வேனில் வரும்போது, தூங்கிவிடக் கூடாதே என்று பிள்ளைகளைப் பற்றி, மாட்டைப் பற்றி, எதையாவது கேட்டுக்கொண்டே வந்தேன். புவனகிரிக் கடைத்தெரு நெரிசலில் வண்டி நின்றபோது அக்காவுக்குக் கண் சொருகியது. அந்தக் கணவர் என்னைப் பார்க்கவே இல்லை, மனைவியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். நடந்ததை அப்படியே எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். அதற்கு முன்பு நான் பெருமையாக வாங்கி வந்த காலி அட்டைகளில் எத்தனை இப்படிக் காலியானதோ, யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் கண் விழித்த அந்த அக்கா, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "கோவமா மேடம்?" என்றுதான். தன் உயிரைவிட என் கோபத்துக்கு ஒருவர் அதிகம் பயந்திருக்கிறார் என்பதை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.