இரட்டைக் கார்புரேட்டரும் ஓர் ஆயுத பூஜையும்

நான் மெக்கானிக் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடியிருந்த காஜா பேராங்கில் பாதிப் பேர் என்னை மெக்கானிக் என்று நினைத்தார்கள், மீதிப் பேர் கிறுக்கன் என்று நினைத்தார்கள். உண்மையில் நான் மலாக்கா டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்துக் குமாஸ்தா. பகலெல்லாம் பேனா பிடிப்பேன். சாயங்காலம் வீடு திரும்பியதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காருக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவேன்.

கார் எங்கள் அலுவலகத்துத் துரையுடையது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது, துரை கப்பலேறினார், கார் என் வீட்டு வாசலுக்கு வந்தது. நாலு கதவு வைத்த இங்கிலாந்து சலூன். பார்வைக்குச் சாதுவான குடும்பக் கார்தான். மூடியைத் திறந்தால் பந்தயக் காரில் இருப்பதுபோல இரண்டு கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும். துரை அதை ஓட்டியதைவிடத் துடைத்தது அதிகம். எனக்கு அது பொறுக்கவில்லை. ஓடப் பிறந்த குதிரையைக் கட்டிப்போட்டு வைத்தது போல இருந்தது.

வேக மோகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வந்துவிட்டது. காரோடு வந்த கைப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். வால்வுகளை நானே கழற்றித் தேய்த்தேன். பிரேக்கைப் பிரித்துப் பூட்டினேன். பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஒரு தண்ணீர்க் குழாயும் இரும்பு நாரும் கொண்டு நானே ஒன்று செய்து மாட்டினேன். வண்டி இன்னும் லேசாக ஓடியது. சத்தம் மட்டும் தொண்டை கட்டிய புலி மாதிரி ஆகிவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாக்கா செட்டிக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் சாமி கும்பிடுவதில் எங்களைவிடக் கண்டிப்பானவர். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். அந்தச் சத்தத்தை முதல் நாள் கேட்டதும் வேலியோரம் வந்து, தன் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தினால் முட்டையை என்னிடம்தான் வந்து கேட்கப்போவதாக மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் என்னைப் பார்த்து, "கொரங்கு கையில பூமாலை குடுத்த மாதிரி, அந்தத் தொரை உங்க கையில காடியக் குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றாள். எங்கள் பக்கம் காரைக் காடி என்றுதான் சொல்வோம். கேலி செய்தவள் மூன்றே மாதத்தில் எனக்கு இன்னொரு ஜோடிக் கையானாள். கை என்பதைவிடக் காது என்றால் சரி.

இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் நொண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக் கேட்க வேண்டும். எனக்கு இரண்டும் ஒரே 'உஸ்'தான். அவள் குழாயைப் பிடுங்கிக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"முன்னால இருக்கிறது கொஞ்சம் கூடுதலா மூச்சு வாங்குது. கொறைங்க. இன்னும். போதும்."

எஞ்சின் சீராகப் பாடியது. அன்றிலிருந்து அந்த வேலை அவளுடையது. அடுப்புக் கரி ஒட்டிய கையோடு வந்து குழாயைக் காதில் வைத்துக்கொள்வாள். நான் திருகுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசியதெல்லாம் பெரும்பாலும் அந்த எஞ்சினுக்கு மேல் குனிந்துகொண்டுதான்.

அந்தச் சத்தம் அவளுக்கு அப்படிப் பழகிவிட்டது. நான் அலுவலகத்திலிருந்து வரும்போது தேநீர் தயாராக இருக்கும். எப்படி என்று ஒரு நாள் கேட்டேன். "நீங்க முச்சந்தியில திரும்பறப்பவே எனக்குக் கேட்ரும். தண்ணிய அடுப்புல வெச்சிருவேன்" என்றாள். மற்ற வண்டிகளும் அந்த வழியாகத்தானே வருகின்றன என்றேன். "அதெல்லாம் வேற சத்தம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

எங்களுக்குள் வந்த ஒரே ஒரு சண்டை ஆயுத பூஜையால் வந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. அந்த முதல் வருஷம் நான் கற்பூரம் அணைவதற்குள் தட்டிலிருந்து ஒரு ஸ்பேனரை உருவிக்கொண்டு போய்விட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கும் கோபம். "சாமி என்ன, வந்து நட்டு முடுக்கப் போகுதா?" என்று கேட்டேன். நாக்கு நீளம் எனக்கு. இன்றும் அந்த வாக்கியத்தை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தலைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இருபத்திரண்டு மைலையும் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன். தோட்டத் தொழிலாளர் லயத்து ஜனங்கள் காரைச் சுற்றிக்கொண்டார்கள். எவ்வளவு நேரமாச்சு என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கேட்டார். பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்ததால் ஒன்றரை மணி நேரம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நான் தனியா வந்தா அரை மணி நேரம்" என்றேன்.

மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஆத்திர அவசரத்துக்கு லாரியத் தேடிக்கிட்டு நிக்க வேணாம்" என்றார்.

புறப்படும்போது என் மனைவி கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "என்னாங்க, இந்தத் தடவ பூசைக்குச் சாமானெல்லாம் வெச்சுக் கும்பிடுங்க. அன்னைக்கு ஒரு நாள் தொடாதீங்க. புள்ளைக்காகச் சொல்றேன்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் பலம் ஏற்றிவிடலாம் என்று தலைப்பகுதியைக் கழற்றிப் பண்டார் ஹிலிரில் ஒரு பட்டறையில் கொடுத்து அடிப்பக்கத்தைச் சீவி வாங்கினேன். சனிக்கிழமை மதியமே அது கைக்கு வந்துவிட்டது. அன்றே பூட்டியிருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் நான் புகை வெளியேறும் துவாரங்களைக் கண்ணாடி மாதிரி தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேய்த்தால் இன்னும் ரெண்டு மைல் வேகம் கூடும் என்று கைப்புத்தகம் சொன்னது. இருட்டியதும் நிறுத்தினேன். மறுநாள் ஆயுத பூஜை.

காலையில் குளித்து, ஸ்பேனர், ஜாக்கி, ஸ்குரூ டிரைவர், அவளுடைய ரப்பர் குழாய் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். பொரி கடலை வைத்துக் கற்பூரம் காட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவரும் வந்து கும்பிட்டார். கார் மூடி திறந்து, தலை இல்லாமல் நின்றது. நாளைக்குப் பூட்டிக்கொள்ளலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆயுதத்தைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதரை மணி இருக்கும். முனையில் இருந்த மளிகைக் கடையில்தான் டெலிபோன். கடைக்காரர் ஓடி வந்தார்.

"தோட்டத்து ஆபீஸ்ல இருந்து போன். ஒங்க வீட்டுக்காரம்மாவுக்கு ரத்தம் போவுதாம். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணுமாம். காடிய எடுத்துக்கிட்டு வரீங்களா, இல்ல லாரியில ஏத்தி அனுப்பவான்னு கேக்கறாங்க. லாரி இப்ப அங்கதான் நிக்குதாம்."

இந்த இடத்தை நான் பல வருஷமாகத் திரும்பத் திரும்ப வாழ்ந்துவிட்டேன். எஞ்சின் பிரிந்து கிடக்கிறது, லாரியிலேயே ஏற்றுங்கள் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? நான் சொல்லவில்லை. அரை மணி நேரம் என்று பீற்றிய வாய்க்கு அது வரவில்லை. "லாரி வேணாம், குலுக்கும். நான் கெளம்பிட்டேன்னு சொல்லுங்க" என்றேன்.

கிளம்பிட்டேன் என்றுதான் சொன்னேன்.

கடைக்காரர் திரும்பி ஓடினார். நான் தட்டிலிருந்து ஸ்பேனர்களை அள்ளினேன். சந்தனம் விரலில் வழுக்கியது. ஒரு மணி நேரத்தில் பூட்டிவிடுவேன் என்று நிஜமாகவே நம்பினேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன். தலையை இறக்கி வைத்து, ஒவ்வொரு நட்டாக நடுவிலிருந்து வெளியே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். நான் ஒரே மூச்சில் முடுக்கினேன். கடைசிக்கு முந்தினதில் கைக்குள் ஏதோ இளகியது போல் இருந்தது. நட்டு ஏறும் ஸ்டட் ஆணி முறிந்து ஸ்பேனரோடு வந்துவிட்டது. மணி பதினொன்று.

பெரியவர் வேலியைத் தாண்டி வந்து என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கினார். "சுடா லா! பங்கில் தெக்சி!" என்று கத்தினார். போதும், டாக்சியைக் கூப்பிடு. அவரே ரோட்டுக்கு ஓடி ஒரு டாக்சியை மறித்து என்னை உள்ளே தள்ளினார்.

அந்த டாக்சி நல்ல வண்டி. சத்தமே இல்லாமல் ஓடியது. ஓட்டுநரை நான் திட்டாத திட்டில்லை. பாவம், அவரும் தன்னால் முடிந்த வேகத்தில்தான் போனார். லயத்துக்கு முன்னால் ரோட்டில் இறங்கும்போது கூட்டம் கூடியிருந்தது. லாரி ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு எப்போதோ போய்விட்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் போவதற்குள் டிரஸ்ஸர் வாசலுக்கு வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தை வயிற்றிலேயே போயிருந்தது. அவள் உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

பிறகு பல நாள் கழித்து நான் அந்த எஞ்சினை நிதானமாகப் பூட்டினேன். ரப்பர் குழாயை நானே காதில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே 'உஸ்'தான். என் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுத் துரையின் பழைய சைலன்சரை மாட்டினேன். செங் என்ற ஊரிலிருந்து காரை வாங்க வந்தவர், வண்டி சாதுவாக இருக்கிறதே, நாலு வீதிக்குக் கேட்கும் என்று சொன்னார்களே என்றார். பழைய கதை என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

காரை விற்பதற்கெல்லாம் முன்னால், பதினாறாம் நாள் காரியம் முடிந்து புறப்படும்போது மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை, அன்றும் சரி, பிறகும் சரி. மகள் கடைசியில் என்ன பேசினாள் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னார்.

"வலியில கத்தக்கூட இல்ல தம்பி. எங்களையும் பேசாதீங்கன்னுச்சு. ஒங்க காடிச் சத்தம் கேக்குதான்னு காதக் குடுத்துக்கிட்டே படுத்திருந்துச்சு. ரோட்டுல ஒரு காடி வந்து நின்னுச்சா, நான் எந்திரிச்சு, 'இதோ வந்துட்டாரு'ன்னேன். அது கண்ண மூடிக் கேட்டுச்சு. 'இல்லம்மா, அது அவங்க காடி இல்ல'ன்னு சொல்லிட்டு மொகத்தச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிச்சு. அவ்வளவுதான் தம்பி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த நேரம் நான் ரோட்டில் டாக்சிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்.