அம்மனுக்குப் பார்த்த மாப்பிள்ளை

எழுபதுகளின் தொடக்கத்தில் பெசன்ட் நகரில் வீடுகளைவிட மணல்தான் அதிகம். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வேப்பமரம், அதன் கீழே ஓலைக் கொட்டகை, அதற்குள் முழங்கால் உயரத்தில் ஓர் அம்மன். சரித்திரம் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நான், மத்தியான வெக்கை தாங்காமல் புத்தகத்தோடு அங்கே போய்ப் படுத்துவிடுவேன். கடல் காற்று, மஞ்சள் வாசனை, அரைத் தூக்கம். படித்தது எது, கனவில் வந்தது எது என்று பாதி நாள் தெரியாது.

பூசை செய்தவள் மீனவர் குப்பத்துப் பெண். நாற்பது வயதிருக்கும், கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவளுக்கு முன்னால் அவள் அம்மா அதே பூசையைச் செய்தாளாம். மந்திரம் கிந்திரம் ஒன்றும் கிடையாது. குளிப்பாட்டும்போது, "கண்ண மூடிக்க, மஞ்சத்தண்ணி பூந்துடும்" என்பாள். புடவை கட்டும்போது, "சும்மா நில்லுடி" என்று அதட்டுவாள். கேட்டுக்கொண்டே எனக்குக் கண் செருகும்.

கல்லூரியில் பேராசிரியர் பழைய நாகரிகங்களை நடத்திக்கொண்டிருந்தார். ஆற்றங்கரைகளில் தனியாக நின்ற பெண் தெய்வங்களுக்கு, படையோடு வந்தவர்கள் தங்கள் தெய்வத்தைப் புருஷனாக்கினார்களாம். கோயில் பெரிதாகப் பெரிதாக, உள்ளே பூசை செய்தவள் வாசலுக்கு வந்தாளாம். நூற்றாண்டுகள் பிடித்த காரியம் என்றார். எங்கள் பக்கத்தில் அது ஒரே வருஷத்தில் முடிந்தது.

புது வீட்டுக்காரர்கள் சேர்ந்து கமிட்டி போட்டார்கள். கொட்டகை போய் கான்கிரீட் சன்னதி வந்தது. அவர்கள் அழைத்து வந்த குருக்கள், "அம்மன் தனியா இருந்தா உக்ரம். சுவாமியப் பிரதிஷ்டை பண்ணி, வருஷா வருஷம் திருக்கல்யாணம் நடத்துங்கோ" என்றார். உக்ரமாம். இத்தனை வருஷத்தில் அவள் யாரை என்ன செய்துவிட்டாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கமிட்டியில் இருந்த அப்பாவிடம், "அப்போ அந்த அக்கா என்ன ஆவாங்க?" என்று கேட்டேன்.

"வெளியில பெருக்கிக் கோலம் போடட்டுமே. யார் வேண்டாம்னா?" என்றார்.

அவள் கேட்டது ஒன்றுதான். "வெள்ளிக்கெழம மட்டும் நான் குளிப்பாட்டிக்கிறேன் சார்." கருவறைக்குள் பெண்கள் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று நாதஸ்வரம், பட்டு, நெய் வாசனை. எல்லாம் தூக்கத்தில் நடப்பது போல் நடந்தது. பெண் வீட்டார் இடத்தில் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் முன்னால் வந்து நின்றவளிடம் அப்பாதான், "கொஞ்சம் பின்னால நில்லும்மா, சுமங்கலிங்க வரட்டும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், கம்பிக்கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அம்மனின் கொசுவத்தை யாரோ தாறுமாறாகச் சொருகியிருந்தார்கள். அவள் கை தானாக எழுந்து, கம்பியில் இடித்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கதவு பூட்டல, உள்ள போங்கக்கா. யார் கேட்டாலும் நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா கண்ணு நீ. கட்டிக் குடுத்தாச்சு. புருஷன் வூட்ல பூந்து பொண்ணுக்குப் பொடவ கட்டிவுட முடியுமா?"