யார் பேரில் டேபிள் போடுவது?

அன்று காலையில் ஒரே குடும்பத்திலிருந்து எனக்கு மூன்று போன் வந்தது. மூன்று பேரும் ஒரே டூரைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் கொஞ்சமும் ஒட்டவில்லை. போனை வைத்துவிட்டு, தூக்கம் கலையாமல் ஆபீஸுக்கு வந்துவிட்டேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் சாத்தூர்க்காரி. சிவகாசியில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டூர் மேனேஜராக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்கள், "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க மேடம், படிச்சுக்கிடுதோம்" என்றார்கள். டிக்கெட் போடுவதும் விசா எடுப்பதும் இப்போது கம்ப்யூட்டரே சொல்லிக் கொடுத்துவிடும். அது சொல்லித் தராத ஒன்றை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று போன்

எங்கள் ஊரில் தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. அவர்களுக்கு சீசன் முடிகிற நாளில் எங்களுக்கு சீசன் ஆரம்பம். முதலாளி வீடுகளிலிருந்து சித்தப்பா, பெரியப்பா, கைக்குழந்தை வரை பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இந்தக் குடும்பம் மொத்தம் முப்பத்து நான்கு பேர். சிங்கப்பூருக்குப் போகிறார்கள். அதில் ஒரு நாள் முழுக்கத் தீம் பார்க். டூரை ஏற்பாடு செய்தது பாக்கியம் அக்கா. அவருக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவர் செல்வராஜ், சிவகாசியில் கம்பெனி. சின்னவர் ஜெயராஜ், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கம்பெனி. மூன்று வீட்டு ஆட்களும் சேர்ந்ததுதான் அந்த முப்பத்து நான்கு.

முதல் போன் பாக்கியம் அக்காவுடையது. தீம் பார்க்கில் மதியச் சாப்பாட்டுக்கு நல்ல ரெஸ்டாரண்டாகப் பார்த்து, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்காருகிற மாதிரி டேபிள் போடச் சொன்னார். சரி என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்தது பெரியவர். தங்கள் வீட்டு ஆட்கள் பதினான்கு பேருக்கும் தனியாக, முடிந்தால் வேறு ரெஸ்டாரண்டில் போடச் சொன்னார். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

மூன்றாவது சின்னவர். தன் வீட்டுப் பன்னிரண்டு பேருக்கும் அன்று மதியம் சாப்பாடே வேண்டாம் என்றார். நான் என்னவென்று நினைப்பேன்? கார்த்திகை பிறக்கப் போகிறது, மாலை போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "விரதமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் லேசாகச் சிரித்தார். பிறகு, "ஆமா, விரதம்தான்னு வச்சுக்கிடுங்க. எட்டு வருசமா இருக்கோம்" என்று வைத்துவிட்டார்.

நானும் அப்படியே குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு பேர் விரதம். அதில் ஒன்று பால் பாட்டில் குடிக்கிற குழந்தை. அந்தக் குழந்தைக்கு எட்டு வருஷ விரதம் எப்படிச் சாத்தியம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. சீசன் நேரத்தில் எங்கள் மூளை அந்த லட்சணத்தில்தான் வேலை செய்யும்.

பாக்கியம் அக்கா சொன்ன கணக்கு

விரதக்காரர்களுக்குப் பழமும் பாலும் ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்கப் பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் போனில் ஒன்றும் சொல்லாமல் நேரே ஆபீஸுக்கே வந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியாத மாதிரி ஒரு முகம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அப்பா இறந்திருக்கிறார். அதன் பிறகு கம்பெனியைப் பாகம் பிரித்திருக்கிறார்கள். லேபிள், அதாவது பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற கம்பெனிப் பேர், பெரியவருக்குப் போனது, கம்பெனி இருந்த இடம் சின்னவருக்குப் போனது. இரண்டு பேருக்குமே தனக்குக் குறைந்துவிட்டது என்று மனத்தாங்கல். அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் தம்பி கை நனைப்பதில்லை, தம்பி வீட்டில் அண்ணன் கை நனைப்பதில்லை. வெளியூரில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் வீட்டில் சாப்பிடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் கை நனைப்பது என்போம். கை நனைக்க மாட்டேன் என்றால், பசியில்லை என்று அர்த்தமில்லை. உறவில்லை என்று அர்த்தம்.

தை மாதம் பாக்கியம் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இரண்டு பேரும் சீர் கொண்டுவந்து நிற்க வேண்டும். வருவதாக இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். ஆனால் அண்ணன் நின்று அழைக்கிற பந்தியில் தம்பி உட்கார மாட்டார், தம்பி நின்றால் அண்ணன் உட்கார மாட்டார்.

"மணவறையில வந்து நின்னுட்டு, பந்தியில உக்காராமப் போயிட்டாகன்னா சம்பந்தக்காரங்க என்ன நெனைப்பாக? எம்மவ அந்த வீட்டுல போயி எப்படித் தலை நிமிர்ந்து வாழுவா?" என்றார் பாக்கியம் அக்கா. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குத்தான் இந்த டூர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு மாமாவோடும் ஒரு தடவை வெளிநாடு போக ஆசை என்று மகளைவிட்டுக் கேட்க வைத்திருக்கிறார். தங்கச்சி மகள் கேட்டால் எந்த மாமன் மறுப்பான்? ஆனால் ஹோட்டலில் காலைச் சாப்பாடு அவரவர் ரூம் வாடகையில் அடங்கியது. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் போய்த் தின்றுகொள்வார்கள். அது கணக்கில் வராது. தீம் பார்க்கில் மட்டும் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கலாம். அது அண்ணன் வீடும் இல்லை, தம்பி வீடும் இல்லை. ஒரே ஒரு தடவை சேர்ந்து கை நனைந்துவிட்டால், தை மாதப் பந்தி தானாக நடந்துவிடும். இதுதான் அக்காவின் கணக்கு.

எனக்கு அது சரியான கணக்காகத்தான் பட்டது. விரதம் என்று எழுதியதையும் தனி டேபிள் என்று எழுதியதையும் கிழித்துப் போட்டேன்.

ஹோஸ்ட் யார்?

தீம் பார்க்குக்குள் ஒரு ரெஸ்டாரண்டைப் பார்த்து வைத்தேன். எட்டுப் பேருக்கு மேல் என்றால் அங்கே ஆன்லைனில் புக் பண்ண முடியாது, மெயில் போட வேண்டும். போட்டேன். இடம் இருக்கிறது, ஹோஸ்ட் யார் என்று பதில் வந்தது. யார் பேரில் டேபிள் போடுவது என்று கேட்கிறார்கள்.

பெரியவர் பேரில் போட்டால் பெரியவர் கூப்பிட்ட விருந்தாகிவிடும். சின்னவர் வரமாட்டார். சின்னவர் பேரில் போட்டால் பெரியவர் வரமாட்டார். "உங்க பேர்ல போட்டுரட்டுமா?" என்று பாக்கியம் அக்காவைக் கேட்டேன். "அய்யோ, என் பேர்ல போட்டா என் வீட்டுக்காரர் கூப்பிட்டதா ஆயிரும். அவரு யாரு பக்கம்னு ஏற்கெனவே ரெண்டு பேருக்கும் சந்தேகம்" என்றார். என் பேரில் போடுகிறேன் என்று எழுதினேன். டூர் மேனேஜர் பெயர் ஆகாது, சாப்பிட வருகிற ஒருவர் பெயர்தான் வேண்டும் என்று பதில் வந்தது. பணமெல்லாம் பேக்கேஜில் அடங்கிவிட்டது. பெயர்தான் எதிலும் அடங்கவில்லை.

ஹோஸ்ட் கிடையாது என்று எழுதினேன். ஹோஸ்ட் இல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். அந்தச் சிங்கப்பூர்க்காரரும் என்னைப் போலவே குழம்பித்தான் போயிருப்பார். கடைசியில் எனக்கு அலுத்துவிட்டது. எந்த ஒருத்தர் பேரும் வேண்டாம், மொத்தக் குடும்பத்தின் பேரிலேயே போட்டுவிடுங்கள் என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். 'ப்ளீஸ் புட் இன் ஃபேமிலி நேம்.' கூடவே விசா செக்‌ஷனில் இருந்து அண்ணன், தம்பி இரண்டு பேருடைய பாஸ்போர்ட் காப்பிகளையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன்.

'டன்' என்று பதில் வந்தது. அப்பாடா என்று நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

வாசலில்

அவர்களோடு நானும் போனேன். சிங்கப்பூரில் பஸ் ஏறினால் பெரியவர் வீடு முன் சீட்டில், சின்னவர் வீடு கடைசி சீட்டில். நடுவில் பாக்கியம் அக்கா வீடு. பிள்ளைகள் மட்டும் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஓடிக்கொண்டிருந்தார்கள். தீம் பார்க்கிலும் அப்படித்தான். பெரியவர் ஏறுகிற ரைடில் சின்னவர் ஏறவில்லை.

மதியம் எல்லோரையும் ரெஸ்டாரண்ட் வாசலுக்குத் திரட்டிக்கொண்டு வருவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. டேபிள் தயாராகிக்கொண்டிருக்கிறது, கூப்பிடும்வரை வெளியே நில்லுங்கள் என்றார்கள். பெரியவர் ஒரு தூணுக்கு அந்தப் பக்கம். சின்னவர் இந்தப் பக்கம். அவர் கையில் பெரிய பாப்கார்ன் டப்பா. தன் வீட்டு ஆட்களுக்கு அதை அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வயிற்றை நிறைத்துக்கொண்டு, பசியில்லை என்று சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. பாக்கியம் அக்காவுக்கும் புரிந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்தார்.

அப்போது வாசலில் நின்ற சீனப் பெண் மைக்கில் கூப்பிட்டாள். "மிஸ்டர் தாங்காவேல். தாங்காவேல் ஃபேமிலி, தேர்ட்டி ஃபோர்."

எண்ணிக்கை நம்முடையது. பெயர் நம்முடையது இல்லை. என்னிடம் இருந்த ரூம் லிஸ்டில் தங்கவேல் என்று யாரும் கிடையாது. வேறு ஒரு தமிழ்க் குடும்பத்தின் டேபிளோடு நம்முடையதைக் கலந்துவிட்டார்கள் என்று பதறிப்போய், அவளிடம் ஓடி, அது நாங்கள் இல்லை என்றேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், நீங்கள்தான் என்றாள். நான் இல்லை என்றேன். அவள் மைக்கை எடுத்து இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

திரும்பிப் பார்க்கிறேன். அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் ஒருவரும் அசையவில்லை. பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னவர் கையிலிருந்த டப்பா சரிந்து பாப்கார்ன் கொட்டியது, அவர் அதைக் கவனிக்கவில்லை. பாக்கியம் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றது அங்கே நான் ஒருத்திதான்.

"மிஸ்டர் தாங்காவேல் வந்துவிட்டாரா?" என்று அந்தப் பெண் இங்கிலீஷில் கேட்டாள்.

சின்னவர் மெதுவாக முன்னால் வந்தார். அவளுக்குப் புரியுமா என்று யோசிக்காமல் தமிழிலேயே பதில் சொன்னார்.

"அவரு வரலம்மா. நாங்க அவரு பிள்ளைக."

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நமக்குத் தகப்பன் பெயர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்துக் கடைசிப் பெயர் இருக்கும் கட்டத்தில் எழுதிவிடுவோம். அந்தக் கடைசிப் பெயரைத்தான் வெள்ளைக்காரன் ஃபேமிலி நேம் என்கிறான். நான் குடும்பத்தின் பேரில் போடச் சொன்னேன். அவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்து இறந்துபோன அப்பாவின் பேரில் போட்டுவிட்டார்கள்.

பெரியவர் தூணைவிட்டு வந்தார். தம்பி முகத்தை நேராகப் பார்க்கவில்லை. தோளுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஏலே, அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுதாக. வெளியிலேயே நின்னா எப்படி? பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உள்ள வா."

சின்னவர் தலையை ஆட்டினார். முப்பத்து நான்கு பேரும் உள்ளே போனார்கள்.

சாப்பாடு ஒன்றும் பிரமாதமில்லை. சாதம் விறைத்துக் கிடந்தது, குழம்பு இனித்தது. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் உட்காரவில்லை, பெரிதாகப் பேசவுமில்லை. குழம்பில் உப்பில்லை என்று பெரியவர் சொன்னதும் சின்னவர் உப்பு டப்பியை எடுத்து நகர்த்தினார், அவ்வளவுதான். இது போதுமா, சமாதானம் ஆகிவிட்டதா, இல்லை ஊருக்குப் போனதும் பழையபடி ஆகிவிடுமா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாக்கியம் அக்கா மட்டும் தட்டைத் தொடாமல் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதம்

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு பக்கம் பெரியவர், ஒரு பக்கம் சின்னவர். இரண்டு பேருமே என்னிடம், "வாங்க மேடம், சாப்பிட்டீகளா?" என்றார்கள். யார் பக்கமாக உள்ளே போவது என்று அங்கேயும் எனக்குக் குழப்பம்தான். நடுவாகப் போய்விட்டேன்.

கடைசிப் பந்தி போட்டபோதுதான் கவனித்தேன். அண்ணன், தம்பி இரண்டு பேரும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை. எனக்குப் பக்கென்றது. ஆனால் அவர்கள் மணவறைப் பக்கம் நின்ற பாக்கியம் அக்காவைப் போய் அழைத்துவந்தார்கள். நடுவில் அவரை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். அக்கா நெடுநேரம் இலையைப் பார்த்தபடியே இருந்தார். பெரியவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார், சின்னவரும் பிசைந்தார். அதன் பிறகுதான் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையில் கை வைத்தார். நான் அழுதுவிட்டேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஃபேமிலி நேம் என்றால் என்ன என்று கூடத் தெரியாமல் இத்தனை வருஷம் டூர் மேனேஜராக இருந்திருக்கிறாயே என்று எங்கள் முதலாளி திட்டினார். பாக்கியம் அக்காவோ, நான் யோசித்துத்தான் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் செய்தது தப்பா சரியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். எத்தனை பேர், சைவமா அசைவமா என்று எல்லோரும்தான் கேட்பார்கள். நீங்கள் யார் கூப்பிட்டால் வருவீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பழகுங்கள்.