சத்தமில்லாத மூன்று நிமிடம்

லண்டன் வால்தம்ஸ்டோவில் நான் ஆபரேட்டராக இருக்கும் சின்னத் திரையரங்குக்கு, அன்று ஒரு பழைய ஹிந்திப் படத்தின் பகல் காட்சிக்கு அதன் இயக்குநரே வந்திருந்தார். மும்பையில் வளர்ந்த தமிழர். பாட்டில்லாமல் ஹிந்திப் படமே இல்லை என்றிருந்த காலத்தில், பாட்டோடு பின்னணி இசையையும் தூக்கி எறிந்தவர் என்று நோட்டீசில் போட்டிருந்தது. வெள்ளைத் தாடி, கசங்கிய கதர்ச் சட்டை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர், திரையைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்தவர்களின் பின்னந்தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் படத்தில், கணவனின் பிணத்தை எடுத்துப்போன பிறகு ஒரு பெண் சமையலறையில் தனியே உட்கார்ந்தாள். திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் போய்விட்டது என்று பதறி, படத்தை நிறுத்தி லைட்டைப் போட்டேன். சனம் இடைவேளை என்று நினைத்துத் தேநீருக்கு எழும்பியது.

இயக்குநர் வெறுங்காலோடு என் அறைக்கு வந்தார்.

"சவுண்டு போகலீங்க. அந்த மூணு நிமிஷம் அப்படித்தான்."

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. எனக்குத் தெரியேல்லை."

"எவ்வளவு நேரம் பொறுத்தீங்க?"

"ஒரு நிமிசம் வரும்."

"பரவால்லயே! என் ப்ரொட்யூசர் அரை நிமிஷம்கூடப் பொறுக்கல. அதுக்காக அவரோட ஒரு வருஷம் சண்டை போட்டேன்" என்று சிரித்தார்.

படத்தைத் திரும்ப ஓட்டினேன். முடிந்ததும் மனேஜர் வந்து, ஏன் நடுவில் நிறுத்தினாய் என்று இயக்குநர் முன்னாலேயே என்னைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: தன் படப் பிரதியில் அந்த இடத்தில் சத்தம் பழுதாம், நான் நிறுத்தியது சரிதானாம்.

மனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஓம், பழுதுதான் என்று நானும் தலையை ஆட்டினேன்.