அப்பா கேட்ட ஒரே கேள்வி

எனக்கு ஐந்து வயதானபோது அம்மா என்னைச் சிலோனிலிருந்து கப்பலில் கூட்டிவந்தாள். அம்மாவின் குடும்பம் மொத்தமும் இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. அப்பா சிங்களவர். அம்மா வேலைசெய்த தேயிலை எஸ்டேட்டுக்குக் கீழே டவுன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். எங்களோடு வர அவருக்கு அனுமதி கிடையாது. தமிழர்களுக்கு எதிரான கலவரம் அப்போதுதான் அடங்கியிருந்தது. "நீங்க மொதல்ல போங்க, நான் பின்னால வாறேன்" என்று தமிழில்தான் சொன்னாராம். வரவில்லை.

நீலகிரியில் கட்டபெட்டு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. வந்த புதிதில் எனக்குத் தமிழைவிடச் சிங்களம்தான் சுலபமாக வரும். ஒருநாள் குழாயடியில் நின்று அம்மாவைச் சிங்களத்தில் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவள் புருசனைக் கலவரத்தில் சிங்களவர்கள் வெட்டிக் கொன்றிருந்தார்கள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா என்னை உள்ளே இழுத்துப்போய், "இனி அந்தப் பேச்சு பேசினா நாக்கச் சுட்டுப்புடுவேன்" என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

இரண்டு வருடத்தில் சிங்களம் எல்லாம் மறந்தது. கடைவீதியில் நாங்கள் எல்லோரும் சிலோன்காரர்கள். லயத்துக்குள் நான் மட்டும் சிங்களத்தி.

சிங்களத்தில் அப்பாவைத் தாத்தா என்பார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் "எங்க தாத்தா சிலோன்ல இருக்காரு" என்பேன். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. என் கல்யாணப் பத்திரிகையில் ஏதோ ஒரு தமிழ்ப் பெயரை எழுதி, அதற்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று அம்மா போடச் சொன்னாள். மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். நானும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா இறந்த பிறகு, போன வருடம், மாமா பழைய எஸ்டேட்டைப் பார்த்துவரப் போனார். வரும்போது ஒரு போன் நம்பர் கொண்டுவந்தார். "அந்தாளு உசுரோட இருக்காரும்மா. வேற கல்யாணம் கட்டி ஒரு பொண்ணு இருக்கு. பக்கவாதம் வந்து படுத்திருக்காரு."

அன்றுதான் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். மாமா கொடுத்த நம்பரை வாங்கி என் போனில் பதிந்தார். பிறகு, "எங்கிட்ட எதுக்கு மறைச்ச? போன் போட்டுப் பேசு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் அப்பாவைப் பார்த்தேன். என் மூக்கு, என் நெற்றி. போனைப் பிடித்திருந்த தங்கைக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்த தமிழும் பக்கவாதத்தோடு போய்விட்டிருந்தது. "தாத்தா" என்றேன். கோணிய வாயால் ஏதோ கேட்டார். மறுபடி மறுபடி அதையே கேட்டார். சாப்பிட்டாயா, நல்லா இருக்கிறாயா என்றுதான் கேட்கிறார் என நினைத்துக்கொண்டேன். வேறென்ன கேட்பார்? கண்ணைத் துடைத்தபடி, சிரித்தபடி, "ஆமா தாத்தா, ஆமா" என்று நன்றாகத் தலையாட்டினேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். களைப்பாக இருக்கும் என்று போனை வைத்தேன்.

சாயங்காலம் அவர்கள் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "அக்கா, 'என்னோட கோவமா'ன்னுதான் அவரு கேட்டிருக்காரு. நீங்க ஆமான்னு தலையாட்டினீங்களாம். அழுதுகிட்டே இருக்காரு."

கோபமில்லை என்று எப்படிச் சொல்வது என அவளிடமே கேட்டேன். "தரஹ நே" என்றாள். உடனே கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டுக் கூப்பிட்டேன். ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், நினைவில்லாமல் கிடந்தார். தங்கை போனை அவர் காதோரம் வைத்தாள். "தரஹ நே, தாத்தா. தரஹ நே." நர்ஸ் வந்து போனை எடுக்கச் சொல்லும்வரை சொன்னேன். மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நாளில் போய்விட்டார்.

அப்பா வீட்டு வாசலில் கட்டிய இரங்கல் பேனரைத் தங்கை படமெடுத்து அனுப்பியிருந்தாள். அப்பாவின் படம், அதன் கீழே சிங்களத்தில் இரண்டு வரி. பிள்ளைகளின் பெயர்கள் என்று தோன்றுகிறது. அதில் என் பெயர் உண்டா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தங்கையிடம் கேட்கவும் இல்லை.