மூடாமல் விட்ட குறி

என் மனைவி ஒரு வெப்சைட் நடத்துகிறாள். நடத்துகிறாள் என்று சொல்வது மரியாதைக்கு. கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள் என்பதுதான் நிஜம். சைகை மொழியில் பெயர்த்துச் சொல்பவர்களின் சங்கத்துக்கான வெப்சைட் அது. காது கேளாத ஒருவர் ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ போகவேண்டி வந்தால், உறுப்பினருக்கான பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்து, தன் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, மெசேஜ் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சிறு வயதில் வயிற்று வலியென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எங்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல் குழந்தை மிரண்ட மிரட்சியைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவள் இவள். அதை மறக்கவே இல்லை. அப்புறம்தான் சங்கம், அப்புறம்தான் வெப்சைட். நில அளவை ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள், ஒரு பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் நோட்பேடில் தன் கையாலேயே எழுதினாள்.

இன்றைக்கும் அப்படித்தான். புது ஆள் சேர்ந்தால் பழைய பக்கம் ஒன்றைக் காப்பி எடுத்துப் பெயரை மாற்றுவாள். சங்கத்தின் போன் நம்பர் மாறியதோ, போச்சு, எல்லாப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றவேண்டும். அன்றைக்கு எனக்கு பிரெட்தான். ஊர் உலகமெல்லாம் பட்டனைத் தட்டினால் தானே மாறிக்கொள்கிற ஏற்பாட்டுக்குப் போய்விட்டது. சங்கத் தலைவரே அதற்காக ஒரு கம்பெனி ஆளை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு இவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "தப்பு வந்தா அது எந்த இடத்துல வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும் தம்பி. இதுல தெரியுமா?" அதெல்லாம் கம்பெனியில் பார்த்துக்கொள்வார்கள் என்றார் அவர். இவள் பிடித்த பிடியை விடவில்லை.

மகளுக்குப் பிரசவம் அடுத்த மாதம் என்றிருந்தது. மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. அவர்கள் ஊரில் பெயர்த்துச் சொல்ல இரண்டே பேர், ஒரு டீச்சர், ஒரு தையல்காரம்மா. பிரசவத்துக்கு டீச்சர் வருவதாகப் பேசி வைத்திருந்தது. அதற்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே, நான் வெளியூர் போய்வருகிறேன், அதுவரை என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

இவள் யாருடைய பெயரையும் அழிக்கமாட்டாள், ஒளித்துத்தான் வைப்பாள். பெயருக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. நடுவில் இருப்பதைக் கம்ப்யூட்டர் பார்த்தும் பார்க்காததுபோலத் தாண்டிப் போய்விடும். ஆள் திரும்பி வந்ததும் குறிகளை எடுத்துவிட்டால் பெயர் பழையபடி தெரியும். அன்று காலை பெயர்ப் பட்டியல் இருக்கிற பக்கத்தைத் திறந்து டீச்சர் பெயருக்கு முன்குறியைப் போட்டாள். அந்த நேரம் பார்த்து நான் கண்ணாடியைக் காணோமென்று கூப்பிட்டேனாம். கண்ணாடி என் தலைமேலேயே இருந்ததாம். இதற்கெல்லாம் சாட்சி கிடையாது. எழுந்து வந்துவிட்டுத் திரும்பிப் போனவள், பின்குறியைப் போடாமலேயே பக்கத்தை ஏற்றிவிட்டாள்.

பின்குறி இல்லையென்றால் கம்ப்யூட்டர் டீச்சரோடு நிற்காது. அவருக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரையும் சேர்த்து ஒளித்துவிடும். இது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மத்தியானம் மாப்பிள்ளையிடமிருந்து மெசேஜ் வந்தது. "அத்தை, வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம். எல்லாரும் மாஸ்க் போட்டிருக்காங்க, டாக்டர் என்ன சொல்றாங்கன்னே புரியல. டீச்சர் ஊர்ல இல்ல. சைட்ல நம்ம ஊருக்கு ஒருத்தருமே இல்லையே?"

பிரசவ அறைக்குள் செல்போன் கூடாதென்று அங்கே கறாராக இருந்தார்கள். இல்லாவிட்டால் வீடியோவில் இவளே பெயர்த்துச் சொல்லியிருப்பாள். நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர இருட்டிவிடும். அதுவரை என் மகள் உள்ளே தனியாக, வாயசைவுகூடத் தெரியாத முகங்களுக்கு நடுவில். மறுபடியும் அதே சாத்திய கதவு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைக்கே அந்தக் கம்பெனி ஆளிடம் கொடுத்திருக்கலாமே என்று வீடே அதிரக் கத்தினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சைட்டைத் திறந்தாள். டீச்சருக்கு மேலே இருந்தவரோடு பக்கம் நின்றுபோயிருந்தது. கீழே வெறும் வெள்ளை. இத்தனை வருஷத்து உழைப்பும் அழிந்துபோனதென்றே நினைத்தேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள். நோட்பேடைத் திறந்து, விரலைத் திரையில் வைத்து வரி வரியாக இறங்கி, டீச்சரின் பெயரில் நின்றாள். "மூடல. நான்தான் மூடல."

எல்லாரும் அங்கேயேதான் இருந்தார்கள். தையல்காரம்மாவும் இருந்தார், போன் நம்பரோடு. குறியைப் போட்டுப் பக்கத்தை ஏற்றிவிட்டு, அதே கையோடு அவருக்குப் போன் செய்தாள். புண்ணியவதி, வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நாங்கள் பஸ்ஸில் பாதி வழி போவதற்குள் அவரே கூப்பிட்டு எங்கள் வயிற்றில் பால் வார்த்தார். குழந்தையின் நாடி இறங்கியதாம், உடனே ஆபரேஷன் செய்யவேண்டியிருந்ததாம். அதைச் சைகையில் சொன்னதும் மகள், நான் முழித்திருப்பேனா, குழந்தையை யார் முதலில் தூக்குவார்கள் என்று வரிசையாகக் கேட்டாளாம். பதில் தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாளாம். பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வார்டிலிருந்து வீடியோவில் வந்தார். கட்டிலில் மகள், அவள் பக்கத்தில் துணிச்சுருளாகப் பேத்தி. இவள் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். கை கிடுகிடுவென்று நடுங்கியது. மகள் சிரித்துக்கொண்டே சைகையில் சொன்னாள்: "அம்மா, உன் கை உளறுது. ஒண்ணும் புரியல."

இவள் போனைத் தான் பிடித்துக்கொண்டு என் பக்கம் திருப்பினாள். "நீங்க சொல்லுங்க." நான் சைகை பேசினால் கொசு அடிக்கிற மாதிரி இருக்கும் என்பது மகளின் நெடுநாள் கேலி. இருந்தாலும் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம், வந்துகொண்டே இருக்கிறோம்.

அதற்குள் பேத்தி வீறிட ஆரம்பித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மகள் அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, இவ எப்படி அழறா?"

இதற்கு எனக்குச் சைகை தெரியாது. இரண்டு கையையும் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் முகத்தில் ஒரு கை பட்டது. அவரிடம் மன்னிப்பை அப்புறம்தான் கேட்டேன்.