மனாவர் அத்தானின் தர்பூசணி

மனாவர் அத்தான் துனிசியாவில், கெலீபியா என்கிற கடலோர ஊரில் லாரி ஓட்டுகிறார். ஆனால் அவரைக் கேட்டால், அல்லா தன்னைப் படைத்ததே தர்பூசணி தட்டிப் பார்க்கத்தான் என்பார். சந்தையில் பழத்தைக் காதில் வைத்து அவர் கண்ணை மூடினால் வியாபாரியும் வாயை மூடிக்கொள்வான். இந்த அலட்டலை என் அக்கா நசீஹா கல்யாணமான நாளிலிருந்து பொறுத்து வருகிறாள்.

அவர்கள் மகளுக்கு நிச்சயமானதும், அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வசீலா முதல்முறையாக எங்களோடு கடற்கரைக்கு வந்தார். குடையை நட்ட கையோடு அத்தான் அலை தொடும் ஈரமணலில் பழத்தைப் புதைத்தார். குளிரட்டும் என்று கரை முழுக்க எல்லோரும் அப்படித்தான் புதைத்திருந்தார்கள்.

"அடையாளத்துக்கு சாவியால நட்சத்திரம் கீறியிருக்கேன், சம்பந்தியம்மா. வெட்டினா ரத்தச் சிவப்பு. இல்லேன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!"

"மீசைக்கு இன்னிக்கு நேரம் சரியில்ல போலிருக்கு," என்றாள் அக்கா.

குளித்தோம், பானையோடு கொண்டுவந்த மக்ரோனியைத் தின்றோம், குறட்டை விட்டோம். எழுந்ததும் பக்கத்துக் குடைக்காரர் கூப்பிட்டார்.

"வாங்க, எங்க பழத்துல ஒரு துண்டு சாப்பிடுங்க!"

அக்காவும் அத்தானும் நானும் போனோம். வெட்டிய பழம் வெள்ளரிக்காய் மாதிரி வெளுத்திருந்தது. தோலில் நட்சத்திரம். மனிதர் தன்னுடையது என்று நினைத்து எங்கள் பழத்தைத் தோண்டியிருக்கிறார்.

"எந்தக் குருடன் பொறுக்கினானோ! என் தம்பியாத்தான் இருக்கும்," என்றார் அவர்.

அத்தான் மீசையைக் கையால் மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"என்ன அண்ணே, உங்க பழம் எங்கே?" என்று வசீலா எங்களை நோக்கி வந்தார். அக்கா சட்டென்று நட்சத்திரம் இருந்த பாதியை மணலில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இடம் தெரியல சம்பந்தியம்மா, தேடணும்," என்றார் அத்தான்.

வசீலா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோண்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பழம் கிடைத்தது. பக்கத்துக் குடைக்காரரின் பழம்தான், வேறென்ன? வெட்டினால் ரத்தச் சிவப்பு.

"நட்சத்திரத்தைக் காணோமே அண்ணே?"

"உப்புத் தண்ணி அழிச்சிருச்சு."

பக்கத்துக் குடைக்காரரும் வந்து தின்றுவிட்டு, "பழம் பொறுக்கினா இவர மாதிரி பொறுக்கணும்," என்று அத்தானின் முதுகில் தட்டினார்.

அக்கா மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அத்தான் தானே ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் கடித்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்:

"இனிமே பழம் நான் வாங்குறேன்."

அத்தான் மீசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரிம்மா," என்றார்.